பழத்துக்குத் தொட்டுக்கொள்ளும் தயிர்

பாப்பா,

நீ போட்ட கார்டு திங்கட்கிழமை வந்தது. நலம் விசாரிப்பைக் கழித்தால் அதில் இருந்தது ஒரே விஷயம். பழத்துக்குத் தொட்டுக்கொள்ளும் தயிரை எப்படிச் செய்வது என்று விவரமாக எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறாய். வைகாசியில் உன் நாத்தனார் மீனாவைப் பெண் பார்க்க வருகிறார்களாம். அன்றைக்கு அதைத்தான் வைக்க வேண்டும் என்று உன் மாமியார் சொல்கிறாராம். அந்தத் தயிர் ராசியானதாம். கார்டை முதலில் உன் அப்பாதான் படித்தார். "பரவால்லியே, நம்ம வூட்டு தயிரு எலவனாசூர்கோட்டை வரைக்கும் போய்டுச்சு" என்று சந்தோஷப்பட்டார். நான் உன் காலேஜைப் பற்றி ஒரு வார்த்தையாவது இருக்குமா என்று கார்டைத் திருப்பிப் பார்த்தேன். முகவரிதான் இருந்தது.

முதலில் நீ கேட்டதை எழுதிவிடுகிறேன். எருமைப் பால் வேண்டும். பசும்பால் தயிரை எவ்வளவு நேரம் தொங்கவிட்டாலும் இளகலாகவே இருக்கும். பாலைச் சுண்டக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றி, புளிப்பு ஏறுவதற்கு முன்பே எடுத்துவிடு. பழைய வேட்டித் துணி ஒன்றை வெந்நீரில் அலசிப் பிழிந்து, அதில் தயிரைக் கொட்டி மூட்டையாகக் கட்டி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு அடியில் ஒரு சட்டியை வை. புதுத் துணி வேண்டாம், கஞ்சி வாடை தயிரில் ஏறிவிடும். காலையில் கட்டினால் பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வடிந்து, துணிக்குள் வெண்ணெய் போல உட்கார்ந்திருக்கும். அதை மண்சட்டியில் போட்டு மரக்கரண்டியால் குழைக்க வேண்டும். மத்தைத் தொடாதே, வெண்ணெய் தனியாகத் திரண்டுவிடும். பாலில் படிந்த ஆடை இருந்தால் கட்டியில்லாமல் மசித்துச் சேர்த்துக்கொள். பிறகு தேன், ஏலக்காய்ப் பொடி, கடைசியாக ஒரு சிட்டிகை உப்பு. வைகாசியில் மாம்பழம் கிடைக்கும். நார் இல்லாத பழமாகப் பார்த்து, கொஞ்சம் செங்காயாக இருக்கும்போதே நறுக்கு. கொய்யாவும் அப்படித்தான். பப்பாளியாக இருந்தால் துண்டுகளைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்துவிடு, இல்லாவிட்டால் தயிர் அதில் ஒட்டாது. வாழைப்பழத்தைத் தட்டு வெளியே போகும் நேரத்தில்தான் நறுக்க வேண்டும்.

இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உனக்கு ஐந்து வயது இருக்கும்போது, கள்ளக்குறிச்சி நூலகத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் படம் போட்டிருந்தார்கள். கண்ணாடித் தட்டில் நாம் பார்த்தே இராத பழங்கள், நடுவில் ஒரு கிண்ணம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வாரத்தில் ஒரு நாள் உன்னைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய், மளிகை வாங்குகிற சாக்கில் நூலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். அதுதான் அந்த வாரத்தில் எனக்கென்று இருந்த நேரம். முதல் தடவை செய்தபோது தயிரைத் தொங்கவிட வேண்டும் என்பதே எனக்குப் புரியவில்லை. நீ கிண்ணத்தைத் தூக்கிக் குடித்துவிட்டு, "இது மோரும்மா" என்றாய். உன் அப்பா தொடவே இல்லை. "தயிர்ல தேனா? வயித்துக்கு ஆவாது" என்று தள்ளி வைத்துவிட்டார். அதனால் அது நம் இருவருக்குமானதாக ஆனது. அதற்கு ஒரு பெயர்கூட நாம் வைக்கவில்லை. உன் பிளஸ் டூ மார்க் வந்த அன்று செய்தோம். நீ ஹாஸ்டலுக்குக் கிளம்பிய அன்று செய்தோம். வேறு யாருக்கும் அதைக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

உனக்கும் எனக்கும் பதினேழு வயதுதான் வித்தியாசம். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டு, எழுதாமலே கல்யாணம் ஆகி வந்தவள் நான். உனக்கு அப்படி ஆகாது என்று நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே நடந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நீ தாவரவியல் எடுத்துக் காலேஜில் சேர்ந்தபோது உண்மையிலேயே நடந்துவிட்டது என்று நினைத்தேன். இடஒதுக்கீட்டுப் போராட்டம் வலுத்துக் காலேஜை மூடினார்கள் என்று துணிப்பை ஒன்றோடு நீ வந்து இறங்கியபோதும் நான் பயப்படவில்லை. பெட்டியை ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாய். அதனால் நீ திரும்பிப் போவாய் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

போராட்டத்தைப் பற்றி உன் அப்பா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. இன்றைக்கும் இல்லை. நம் தெருவில் உன்னைத் தவிரக் காலேஜ் வாசலை மிதித்த பெண் கிடையாது. "நம்ம புள்ளைங்க மாடு மேய்ச்சிக்கினே இருக்கணுமா? ஒரு சீட்டுக்கு, ஒரு வேலைக்கு நாமளும் மனுஷங்கதான்னு சொல்ல வேணாமா?" என்று அவர் கேட்கும்போது அதில் பொய் இருக்கவில்லை. அந்த மும்முரத்தில்தான், முன்பே ஏற்பாடாகியிருந்தபடி, உன்னைப் பார்க்க எலவனாசூர்கோட்டையிலிருந்து அவர்கள் வேனில் வந்தார்கள். சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், இப்போதைக்கு ஒன்றும் முடிவு செய்யப் போவதில்லை என்றுதான் அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை, அவர் அம்மா, பெரியப்பா, இன்னும் இரண்டு பெண்கள், டிரைவர். நீ காபி கொடுத்தாய். அவர்கள் வாழைப்பழமும் வெற்றிலையும் எடுத்துக்கொண்டார்கள். நான் சமைத்து வைத்திருந்தேன், ஆனால் பேச்சு முடியாத வீட்டில் கை நனைக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இல்லை என்பதால் வற்புறுத்தவில்லை. ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் யாரோ வந்து கூப்பிட, "தோ வந்துட்றேன்" என்று எழுந்து போனார் உன் அப்பா.

சாலை மறியலுக்காகச் சாயங்காலம் வெட்டுவதாக இருந்த மரங்களை, பக்கத்து ஊரில் ஆரம்பித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு மத்தியானமே வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சி போகும் பக்கத்தில் இரண்டு புளியமரம், மலைக்குப் போகும் பக்கத்தில் ஒன்று. கிளம்பிய வேன் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து நம் வாசலில் நின்றது. அப்பா தோளில் கோடாலியோடு வந்து அதைப் பார்த்ததும், பெரியப்பா கேட்டதும் உனக்கு நினைவிருக்கும். நாம் இருவரும் ஜன்னல் பக்கத்தில்தான் நின்றிருந்தோம்.

"இன்னாப்பா, ரெண்டு பக்கமும் மரத்தப் போட்டுட்டாங்களே. யாரு வெட்டனது?"

"ஊர்ல வெட்டனாங்க."

"ஊர்லன்னா?"

அப்பா கோடாலியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "நானுந்தான்" என்றார்.

நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். நானும் சிரித்தேன். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அன்று ராத்திரிக்கும் அவர்கள் சோறு வேண்டாம் என்றார்கள். மறுநாளும் வேண்டாம் என்றார்கள். தெருவில் எல்லாம் பங்காளி வீடுகள், எந்த வீட்டில் சாப்பிட்டாலும் நம் வீட்டில் சாப்பிட்ட மாதிரிதான். டீக்கடை அடைப்பு. பெட்டிக்கடையில் இருந்த பிஸ்கட் தீர்ந்துவிட்டது. டிரைவருக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை, அவர் நம் வீட்டில் வேளை தவறாமல் சாப்பிட்டார். பெரியப்பா எதிரில் உட்கார்ந்து அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, கொழம்பு இன்னா?"

"கருவாட்டுக் கொழம்புங்க. கத்திரிக்கா போட்டு."

"நல்லா இருக்குதா?"

"ரொம்பங்க. நேத்திக்கு மேல இன்னிக்கு ஜாஸ்தி."

"வாய மூடிக்கினு துன்னு."

அந்த இரண்டாம் நாள் காலையில் வெள்ளிமலையிலிருந்து சந்தைக்கு இறங்கிய ஜீப் ஒன்று விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. அழுகிப்போவதற்குள் யாராவது சாப்பிடட்டும் என்று அதிலிருந்தவர்கள் கொய்யாவும் பப்பாளியும் கூடைகூடையாகத் தெருவுக்குக் கொடுத்தார்கள். ஒரு பாட்டிலில் தேனும் வந்தது, புகை வாசம் மாறாத மலைத் தேன். பழக்கூடையை நம் வீட்டில் இறக்கியபோது நீதான் என்னிடம் வந்து, "அம்மா, நம்ம தயிர செய்யலாமா? பாவம், அந்த அம்மாவுக்கு மயக்கமா வருதாம்" என்றாய். தயிர் என்றால் ஒப்புக்கொள்வார்களா என்று நான் தயங்கினேன். "சோறு இல்லல்ல. ஈர்க்குச்சியில குத்தித் தொட்டுக்கினா கையும் நனையாது" என்றாய். அந்த யோசனை உன்னுடையது. உன்னிடம் இருந்த இரக்கத்தால்தான் அது வெளியே போனது.

காலையிலேயே கட்டித் தொங்கவிட்டோம். சாயங்காலம் நீ உள்ளே உட்கார்ந்து பழம் நறுக்க, நான் பெரிய தட்டில் அடுக்கி, நடுவில் கிண்ணத்தை வைத்து எடுத்துக்கொண்டு போனேன். மாப்பிள்ளையின் அம்மா தட்டைப் பார்த்துவிட்டு, "பழம் சரி. தயிரு இருக்குதே" என்று இழுத்தார். பெரியப்பா அதற்குள் குச்சியைக் கையில் எடுத்துவிட்டார். "சோத்துல போட்டாதான் அது தயிரு. இது இன்னாத்துல சேத்தின்னு எனக்கே தெரியல, நீ சும்மா இரு" என்றார். எல்லோரும் எடுத்தார்கள். குச்சி கிண்ணத்தில் படும் சத்தம்தான் கேட்டது. பிறகு அந்த அம்மா என்னைப் பார்த்து, "இன்னாமா போட்ட இதுல? இனிப்பு கம்மியா இருந்தாலும் எடுப்பா இருக்குது" என்று கேட்டார். நான் செய்த எதைப் பற்றியும் உன்னைத் தவிர ஒருவரும் என்னை அப்படி நிறுத்திக் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில் பால் காய்ச்சியதிலிருந்து தொடங்கி முழுவதையும் சொன்னேன். கடைசியில், "ஒரு சிட்டிகை உப்பு. அதான் இனிப்ப தூக்கிக் குடுக்குது" என்றேன்.

அவர் கையில் இருந்த குச்சி பாதியில் நின்றது. "உப்பா?"

"போச்சு" என்றார் பெரியப்பா. "உப்பு துன்னாச்சு. இனிமே எந்த மூஞ்ச வச்சிக்கினு வாணாம்னு சொல்றது?"

யாரோ ஒரு பெண் சிரித்தாள். அதைத் தொடர்ந்து எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பா, "அப்ப சம்பந்தின்னு கூப்புடலாமா?" என்றார்.

"அதான் கூப்ட்டாச்சே. எலையப் போடச் சொல்லுப்பா மொதல்ல, உயிரு போவுது."

நான் உள்ளே வந்தேன். நீ தரையில் உட்கார்ந்து கொய்யா விதையை எடுத்துக்கொண்டிருந்தாய். "எதுக்கும்மா சிரிக்கிறாங்க?" என்று கேட்டாய். நான், "அரிசி களை, பாப்பா" என்றேன். நீ எழுந்து போய் அரிசி எடுத்துக் களைந்தாய்.

பல நாள் நான் அந்த உப்பைத்தான் நொந்துகொண்டிருந்தேன். பழக்கத்தில் கை போட்டுவிட்டது, போட்டதை வாய் சொல்லிவிட்டது என்று. அதில் ஒரு ஆறுதல் இருந்தது, கை தவறுவது யாருக்கும் நடக்கும். இப்போது அந்த ஆறுதலும் இல்லை. உப்பு இல்லாமல் இருந்தால் தேனைச் சொல்லியிருப்பார்கள். தேனும் இல்லாவிட்டால் மரம் விழுந்ததே தெய்வச் செயல் என்று சொல்லியிருப்பார்கள். அவர்களுக்குப் பசி. நமக்கு வீட்டுக்கு வந்தவர்களைப் பட்டினி போடுகிறோமே என்ற கூச்சம். உன் அப்பாவுக்குப் பயம். எல்லோருக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது. அது விளையாட்டாகக் கிடைத்துவிட்டதால் யாரும் அதைத் தீர்மானம் என்றே நினைக்கவில்லை. தீர்மானம் என்று தெரிந்திருந்தால் யாராவது ஒருவர் மறுத்துப் பேசியிருக்கலாம். சிரித்துக்கொண்டிருக்கும்போது எப்படி மறுப்பது?

மரங்களை அகற்றி வேன் போன பிறகு நான் அப்பாவிடம் கேட்டேன். இதையாவது நீ தெரிந்துகொள்ள வேண்டும். "காலேஜு?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டேன். "எம்மேல கேஸு வரும். போலீஸ் ஜீப்பு வந்துக்கினே இருக்குது, பாக்கறல்ல? நான் உள்ள போய்ட்டா இவ இன்னா ஆவறது? இந்த நெலமையில பொண்ண பஸ்ல அனுப்பிட்டு நீ தூங்குவியா? கட்டிக்கினு படிக்கட்டும். அவங்களே சொல்றாங்க." உன் மாமியார் சொன்னது உண்மைதான். "படிக்கட்டும்மா, நாங்க இன்னா வாணாம்னா சொல்றோம்?" என்று என்னிடமே சொன்னார். அந்த வாக்கியத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதில் அனுப்புகிறோம் என்ற சொல் எங்கும் இல்லை. கேட்ட அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. அப்பா மேல் கேஸ் எதுவும் வரவும் இல்லை.

உன்னை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நாள் குறித்த அன்று நீயாகச் சொன்னது ஒன்றுதான். "பெட்டி ஹாஸ்டல்ல இருக்குதும்மா." நான் அதைப் பெட்டியைப் பற்றிய பேச்சாகவே எடுத்துக்கொண்டு, அப்பா போய்க் கொண்டுவந்துவிடுவார் என்றேன். நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சரி என்றாய். இத்தனை புத்தகம் படித்து எனக்கு என்ன பயன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. யாரோ எழுதிய பெண்களின் மனதையெல்லாம் புரிந்துகொண்டு கண்ணீர் விட்டவள், என் எதிரில் நின்றவள் சொன்னதைப் புரிந்துகொள்ள மாட்டேன் என்று இருந்துவிட்டேன். கார்த்திகையில் கல்யாணம் முடிந்தது. பெட்டி வந்து மச்சில் இருக்கிறது. நான் திறக்கவில்லை.

இப்போது சித்திரை. உன்னோடு சேர்ந்தவர்கள் முதல் வருஷப் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பார்கள். உன் அப்பா இன்னும் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். சாப்பிடும்போது சீட்டு, விழுக்காடு என்று பேசுவார். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "நம்ம புள்ளைக்குக் கெடச்ச சீட்டு இன்னா ஆச்சு?" என்று கேட்டுவிட்டேன். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். "அது வேற" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அவரும் தூங்குவதில்லை, பாப்பா. அதைச் சொல்லி உன்னை இரங்கவைக்க எழுதவில்லை. இந்த வீட்டில் ஜெயித்தவர் என்று யாரும் இல்லை என்பதற்காக எழுதுகிறேன்.

புகுந்த வீட்டில் இருக்கும் மகளுக்குத் தாய் எழுதும்போது நாலு நல்ல புத்தி சொல்லி எழுத வேண்டும். பொறுமையாக இரு என்று என்னால் எழுத முடியவில்லை. பொறுமையாக இருந்துதான் நான் இப்படி ஆனேன். எதிர்த்துப் பேசு என்றும் எழுத முடியவில்லை. பேசிவிட்டு நீ தனியாக நிற்கும்போது நான் உன் பக்கத்தில் வந்து நிற்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை. இதையெல்லாம் அவர்கள் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும்.

கார்டைப் படித்ததிலிருந்து எனக்கு மீனாவின் முகம்தான் நினைவில் இருக்கிறது. கல்யாணத்தன்று உன் பக்கத்திலேயே உட்கார்ந்து, காலேஜில் இலையை எப்படிக் காயவைத்து ஒட்டுவார்கள், ஹாஸ்டலில் எத்தனை பேர் ஒரு அறையில் என்று கேட்டுக்கொண்டே இருந்த பெண். பிளஸ் டூ எழுதியிருப்பாள், மார்க் இன்னும் வந்திருக்காது. வரும் முன்பே அவளைப் பார்க்க வருகிறார்கள். அதற்கு வைக்க நம் தயிர் வேண்டும் என்கிறார்கள். செய்முறையைத் தப்பாக எழுதி அனுப்பிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பசும்பால் என்று எழுதிவிட்டால் போதும், எல்லாம் தண்ணீராக ஓடிவிடும். ஆனால் பேச்சு வாங்குவது நீதான். அதனால் சரியாகவே எழுதியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் செய். அவள் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, உனக்கு இஷ்டமா என்று கேள். சுற்றி வளைக்காமல் அந்த வார்த்தையையே கேள். பெட்டியைப் பற்றியோ புத்தகத்தைப் பற்றியோ அவள் பதில் சொன்னால், அது எதைப் பற்றிய பதில் என்று உனக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாமல் போனது. அவளுக்கு இஷ்டம் என்றால் நீ நன்றாகவே செய்து கொடு. இல்லை என்றால், பால் திரிந்துவிட்டது என்று சொல்லிவிடு. அதனால் ஒன்றும் நிற்காது. வந்தவர்கள் வாழைப்பழமும் வெற்றிலையும் எடுத்துக்கொண்டு பேசி முடித்துவிட்டுப் போவார்கள். ஆனால் அந்தத் தட்டில் நாம் செய்தது இருக்காது.

உன் அம்மா